ஏரியும் ஏடும் நம் கையில் உள்ள அமானிதம்

(நமது அறக்கட்டளையின் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. வழக்கமாக இந்தச் சந்திப்பில் நாங்கள் பேசுவது கல்வி உதவித்தொகை, மருத்துவ உதவி, ரமளான் மாத மளிகைப் பை, ஜகாத் கணக்கு ஆகியவற்றைப் பற்றித்தான். இன்று அருங்காட்சியகம் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் சிலருக்கு வியப்பாக இருந்தது. "வயிற்றுப்பாட்டுக்கே கஷ்டப்படுகிற வீடுகள் இருக்கும்போது மியூசியம் எதற்கு?" என்று ஒரு பெரியவர் நேராகவே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு.

சென்ற விடுமுறையில், மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றோம். திரும்பி வரும்போது வண்டியில் ஆசிரியை ஒருவர், நம் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றியும் குடவோலைத் தேர்தலைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். ஏழாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன், "அது அவங்க ஊர்க் கதை டீச்சர், நம்மளோடது இல்லையே" என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அவன் பிறந்தது இந்த ஊரில். அவன் அத்தா பிறந்தது இந்த ஊரில். அவர்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்ட சோறு இந்த ஏரிப் பாசனத்தில் விளைந்த நெல். அப்படிப்பட்ட பிள்ளை தன் ஊரை "அவங்க ஊர்" என்கிறான். குற்றம் அவனுடையது அல்ல. சொல்லிக்கொடுக்காத நம்முடையது. அந்த ஒரு சொல்தான் இன்றைய பேச்சுக்குக் காரணம்.

முதலில் எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். அது 1851-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். தொடக்கத்தில் அங்கே இருந்தவை பெரும்பாலும் கற்களும் கனிமங்களும்தான். பிறகு பறவைகள், பாம்புகள், மீன்கள், மரவகைகள், நாணயங்கள், கல்வெட்டுகள், செப்புச் சிலைகள் என்று வளர்ந்தது. ஒரு காலத்தில் அந்த வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளையும் வைத்துப் பராமரித்தார்கள். இன்று வண்டலூரில் இருக்கும் உயிரியல் பூங்காவின் தொடக்கம் அங்கேதான். ஊரின் வரலாறும் இயற்கையும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் மாகாணத்தில் அத்தனை பழையது. புதுக்கோட்டையில் 1910-இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகத்திலும் இதே முறையைப் பார்க்கலாம்.

இந்த பால்ஃபரைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. சென்னை திருவல்லிக்கேணியில் முஸ்லிம்களுக்கென ஒரு பொது நூலகம் 1850-இல் உருவானது. அதற்கு முன்னின்று உழைத்தவர் இவரே. மரங்களுக்கும் மழைக்கும் மண்ணின் ஈரத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அந்தக் காலத்திலேயே எழுதி, காடுகளை அழிக்காதீர்கள் என்று அரசுக்கு எடுத்துச் சொன்னவரும் இவரே. நூலகம், அருங்காட்சியகம், மரம் ஆகிய மூன்றையும் ஒரே மனிதர் ஒரே பணியாகச் செய்தார்.

அங்கே பிள்ளைகள் அதிக நேரம் நின்றது இரண்டு இடங்களில். ஒன்று, பெரிய திமிங்கலத்தின் எலும்புக்கூடு. மற்றொன்று, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கல் ஆயுதங்கள். 1863-ஆம் ஆண்டு மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் ஆய்வாளர், பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் மனிதன் எவ்வளவு பழையவன் என்ற ஆராய்ச்சியே அந்தக் கல்லில் தொடங்கியது. நாம் சென்னைக்குப் போகும்போது கடந்து போகிற அதே பல்லாவரம்தான். அதே ஆண்டு, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள அதிரம்பாக்கத்திலும் கற்கருவிகள் கிடைத்தன. பின்னாளில் நடந்த ஆய்வில் அங்குள்ள பழமையான கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று கணக்கிட்டார்கள். அந்தக் கருவியைச் செய்த கைக்கு நம் பெயர்கள் எதுவும் தெரியாது. நம் சாதி, சமயம், மொழி எதுவும் தெரியாது. அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்கிற எல்லாப் பிள்ளைகளும் ஒரே தூரத்தில்தான் நிற்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு அங்கே ஒரு மனிதரின் கதையைச் சொன்னோம். உங்களுக்கும் சொல்கிறோம்.

1896-ஆம் ஆண்டு பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தது. ஒரு வயதில் தந்தை மவுத்தாகிவிட்டார். மூன்று வயதில் தாயும் போய்விட்டார். யதீமாகிவிட்ட அந்தக் குழந்தையைத் தாய்மாமா அமீருத்தீன் தய்யிப்ஜி வீட்டில் வளர்த்தார்கள். பத்து வயது வாக்கில் அந்தப் பையன் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டான். எடுத்துப் பார்த்தால், வழக்கமான குருவியாக இல்லை. தொண்டையில் மஞ்சள் கறை. இது என்ன பறவை என்று மாமாவிடம் கேட்டான். அவருக்கும் தெரியவில்லை. "போடா, குருவிதானே" என்று அவர் விரட்டவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். அதன் செயலாளர் மில்லார்ட், அந்தச் சிறுவனைத் தட்டிக்கழிக்காமல், பதப்படுத்திய பறவைகள் வரிசை வரிசையாக இருந்த இழுப்பறைகளைத் திறந்து காட்டினார்.

அந்த இழுப்பறைகளைப் பார்த்த பையன்தான் சாலிம் அலி. இந்தியாவின் பறவை மனிதர் என்று உலகம் சொல்லும் அறிஞர். 1926-இல் அவருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? பம்பாய் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் வருவோருக்கு விளக்கம் சொல்லும் வேலை. நம் பனைமரங்களில் கூடு கட்டுகிற தூக்கணாங்குருவியை அவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து கவனித்து, 1930-இல் எழுதிய ஆய்வு அவர் பெயரை அறிஞர் உலகத்துக்குக் கொண்டுசென்றது. 1941-இல் இந்தியப் பறவைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் பறவை பார்ப்போர் கையில் இருக்கிறது. 1976-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். தொண்ணூறு வயது வரை வாழ்ந்து 1987-இல் மறைந்தார். கோவை ஆனைகட்டியில் அவர் பெயரில் ஒரு தேசிய ஆய்வு மையமே இருக்கிறது.

நம் அறக்கட்டளை யதீம் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் துணியும் கொடுக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். சாலிம் அலிக்கு அவற்றோடு இன்னும் இரண்டு கிடைத்தன. கேள்வியை மதித்த ஒரு மாமா. இழுப்பறையைத் திறந்து காட்டிய ஒரு மனிதர். பெரியவர் கேட்ட கேள்விக்கு எங்கள் முதல் பதில் இதுதான். ஏழைப் பிள்ளைக்குச் சோறு எவ்வளவு முக்கியமோ, அவன் கேள்விக்கு ஒரு கதவு திறப்பதும் அவ்வளவு முக்கியம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கதவைத் திறக்கப் பலர் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு நாம்தான்.

இது மார்க்கத்துக்கு வெளியே உள்ள விஷயம் என்று யாரும் எண்ண வேண்டாம். பூமியில் சுற்றிப் பார்த்து, முன்னே வாழ்ந்தவர்களின் முடிவு என்ன ஆனது என்று சிந்திக்கும்படி குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைக்கிறது. இறக்கையால் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தும் அதில் இருக்கிறது. இறந்த சகோதரனை எப்படி அடக்கம் செய்வது என்று ஆதம் (அலை) அவர்களின் மகனுக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு காகம். நபி ஸுலைமான் (அலை) அவர்களுக்கு ஸபா நாட்டிலிருந்து செய்தி கொண்டுவந்தது ஹுத்ஹுத் பறவை. மதரஸாவில் ஹுத்ஹுத் கதை தெரியாத பிள்ளை கிடையாது. ஆனால் அந்தப் பறவையைத்தான் தமிழில் கொண்டலாத்தி என்கிறோம், தலையில் விசிறிபோல் கொண்டை விரித்துக்கொண்டு, கருப்பு வெள்ளைப் பட்டை போட்ட இறக்கையோடு நம் பக்கத்து மேய்ச்சல் நிலங்களிலும் அது புழு கொத்தித் திரிகிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கிதாபில் படித்ததைக் கண்ணால் பார்க்கும்போது பிள்ளையின் ஈமானும் அறிவும் சேர்ந்தே வளர்கின்றன.

இப்போது நம் ஊருக்கு வருவோம். எழும்பூருக்கு வண்டி வைத்துப் போனோம். ஆனால் நம் ஊரே கூரையில்லாத ஓர் அருங்காட்சியகம்.

உத்திரமேரூர் 8-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில் பிரமதேய ஊராக அமைந்தது. இங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதல் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று 919-ஆம் ஆண்டையும் மற்றொன்று 921-ஆம் ஆண்டையும் சேர்ந்தவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவற்றில் உள்ளன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எடுத்த ஓலையை வாங்கும் நடுவர், ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை மறைத்து வைத்திருக்கவில்லை என்று எல்லாரும் பார்ப்பதற்காக! பிறகு அந்தப் பெயரைச் சபை முழுதும் கேட்கும்படி உரக்கப் படிக்க வேண்டும்.

யாரெல்லாம் நிற்கக் கூடாது என்பதும் எழுதியிருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் நிற்கக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது. ஜமாஅத், சங்கம், அறக்கட்டளை என்று பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும், எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம், வருடத்துக்கு ஒரு முறையாவது அந்தச் சுவருக்கு முன்னால் போய் நிற்க வேண்டும்.

உண்மையையும் மறைக்கக் கூடாது. அந்தக் குடத்தில் எல்லாருடைய பெயரும் விழவில்லை. சொந்த நிலமும் சொந்த மனையும் உள்ள, வேதம் கற்ற ஆண்களின் பெயர்கள் மட்டுமே விழுந்தன. உழுதவர்களின் பெயர் இல்லை. பெண்களின் பெயர் இல்லை. நல்லது எது, குறை எது என்று இரண்டையும் காட்டினால்தான் அது வரலாறு. இன்று இந்த மன்றத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் ஒவ்வொருவருக்கும் வாக்கு இருக்கிறது. அந்தக் குடத்திலிருந்து இந்த வாக்குச்சீட்டு வரை வந்த தூரத்தைப் பிள்ளைகள் அறிய வேண்டும்.

அந்தக் கல்வெட்டில் மூன்று வாரியங்கள் முக்கியமாகச் சொல்லப்படுகின்றன. ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம். கவனியுங்கள், தோட்டத்துக்கு 12 பேர், ஏரிக்கு 6 பேர் என்று ஆள் ஒதுக்கியிருக்கிறார்கள். நாம் வரலாற்றை ஒரு பாடமாகவும் இயற்கையை இன்னொரு பாடமாகவும் படிக்கிறோம். நம் ஊர்க் கல்வெட்டில் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. ஊரை ஆள்வது என்றால் ஏரியைக் காப்பது என்றே அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

நம் பெரிய ஏரிக்குக் கல்வெட்டுகளில் வைரமேகத் தடாகம் என்று பெயர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைய ஏரி. இந்த ஏரியில் ஆண்டுதோறும் தூர் வாருவதற்காகப் பலர் சபையிடம் பொன் கொடுத்து வைத்தார்கள். முதல் கரையாமல், வருவாயிலிருந்து மட்டும் தூர் வார வேண்டும் என்பது ஏற்பாடு. இதைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது என்ன? வக்ஃபு! மூலப்பொருளை அப்படியே நிறுத்திவைத்து, பலனை மட்டும் மக்களுக்குச் செலவிடும் முறை. வேறு சமயத்தார், வேறு சட்டத்தின்கீழ் செய்த ஏற்பாடுதான். ஆனாலும் தான் மறைந்த பிறகும் தண்ணீர் பிறருக்குப் பாய வேண்டும் என்ற அந்த நிய்யத் நமக்குப் புரியாத ஒன்றா? ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்திருக்கிறார்கள். ஏரியில் தூர் வாரியவருக்கும் பறவைக்குத் தண்ணீர் விட்டவருக்கும் அந்த வாசல் திறந்தே இருக்கிறது.

பறவை என்றதும் வேடந்தாங்கல் நினைவுக்கு வரும். மாவட்டம் பிரிந்த பிறகு அது செங்கல்பட்டில் சேர்ந்துவிட்டது. ஆனாலும் நமக்குப் பக்கத்து ஊர்தான். அங்கே நடந்ததும் ஒரு பாடம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டார்கள். கிராம மக்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர் எழுத்தில் கொடுத்தார். 1858-இல் அது மறுபடி உறுதி செய்யப்பட்டது. 1936-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் வேடந்தாங்கலும் அதன் அருகில் உள்ள கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. உலக அளவில் காக்க வேண்டிய ஈரநிலங்களின் பட்டியல் அது.

படிப்பறிவு பெரிதாக இல்லாத அந்த விவசாயிகள் ஏன் பறவைகளுக்காக அத்தனை பாடுபட்டார்கள்? மரங்களில் அடையும் ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் விழுகிறது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் உரம் போட்டது போல. நத்தைக்கொத்தி நாரை வயலில் நத்தைகளைத் தின்கிறது. அதன் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். வழுக்குகிற நத்தையைப் பிடிக்க ஏற்ற அமைப்பு. பறவை தங்கினால் விளைச்சல் தங்கும் என்று அனுபவத்தில் கண்டார்கள். கூழைக்கடா, கரண்டிவாயன், பாம்புத்தாரா, அரிவாள்மூக்கன், வக்கா என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார்கள். பறவைகள் பயந்துவிடுமே என்று தீபாவளிக்குக்கூட அங்கே பட்டாசு வெடிப்பதில்லை. தம் பெருநாள் மகிழ்ச்சியில் ஒரு பங்கைப் பறவைகளுக்காக விட்டுக்கொடுக்கும் அண்டை ஊர் மக்களிடம் நமக்குக் கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலுக்குப் போனால் இன்னொரு செய்தி இருக்கிறது. வீரராஜேந்திர சோழன் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டில், அங்கே கோயிலோடு சேர்ந்து ஓர் ஆதுலசாலை நடந்தது. ஆதுலசாலை என்றால் மருத்துவமனை. 15 படுக்கைகள். ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மருந்து மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள். எந்தெந்த மருந்துகள் கையிருப்பில் இருக்க வேண்டும் என்ற பட்டியலும், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல் கூலி என்ற கணக்கும் கல்லில் இருக்கிறது. மருத்துவ உதவிக்கு மாதம்தோறும் விண்ணப்பம் பார்க்கிற நமக்கு இது அந்நியமான கதையா? அந்தக் கல்லைப் படிக்கும்போது ஓர் அறக்கட்டளையின் வரவுசெலவைப் படிப்பதுபோலத்தான் எங்களுக்குத் தோன்றியது.

"நம்மளோடது எது?" என்று அந்தப் பையன் கேட்டால், புள்ளலூரைக் காட்டலாம். 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள், காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ள அந்த ஊரில்தான் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை முறியடித்தார்கள். மைசூர்ப் படையின் ஏவுகணைகள் அந்தப் போரில் பெரும்பங்கு வகித்தன. மறு ஆண்டும் அங்கே ஒரு போர் நடந்தது. ஆங்கில அதிகாரிகள் இருவரின் நினைவுத் தூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. அதே மண்ணில் 7-ஆம் நூற்றாண்டில் பல்லவரும் சாளுக்கியரும் மோதினார்கள்.

பெருமையாகச் சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெருமையோடு முடித்துவிட்டால் பாதி வரலாறுதான். அந்தப் போர்க்காலத்தில் இந்த வட்டாரத்துக் கிராமங்கள் பல எரிந்தன. மக்கள் பஞ்சத்தில் இடம்பெயர்ந்தார்கள். அவர்களில் எல்லாச் சமயத்தாரும் இருந்தார்கள். அரசர்களின் வெற்றியை மட்டும் "நம்மளோடது" என்று எடுத்துக்கொண்டு, குடிகளின் துயரத்தை "அவங்களோடது" என்று தள்ளிவிட முடியாது. ஏரி எப்படி எல்லா வயலுக்கும் பாய்கிறதோ அப்படித்தான் ஓர் ஊரின் வரலாறும்.

அந்தப் பையனுக்கு எங்கள் பதில் இதுதான். தம்பி, கல்வெட்டு இருக்கும் இடம் அவர்களுடைய வணக்கத்தலம். அதை மதிக்க வேண்டும். ஆனால் கல்வெட்டில் உள்ள ஏரி உன்னுடையது. அந்த ஊர் உன்னுடையது. கணக்குக் காட்டு என்ற கட்டளை உனக்கும் உரியது. உன்னுடையது என்றால் விற்றுத் தின்னும் சொத்து என்று பொருள் அல்ல. அமானிதம் என்று பொருள். உனக்கு முன்னால் இருந்தவர்கள் கொடுத்தது. உனக்குப் பின்னால் வருபவர்களுக்குக் குறையாமல் கொடுக்க வேண்டியது.

இதைச் சொல்லும் தகுதி எங்களுக்கு இருக்கிறதா என்று யோசித்தபோது, ஒரு தவறை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அலுவலகத்துக்கு வெள்ளையடித்தோம். இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பழைய காகிதங்களை இரண்டு கோணிப்பையில் கட்டிப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டோம். கிலோ கணக்கில் நிறுத்துக் காசு வாங்கினோம். சில மாதம் கழித்து வயதான நன்னிமா ஒருவர் வந்தார். தன் தாயாரின் நிகாஹ் எழுதிய பக்கத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். தாயின் புகைப்படம்கூட அவரிடம் இல்லை. அவருடைய பெயர் எழுதப்பட்ட ஒரே இடம் அந்தப் பதிவேடு. தேடினோம். அந்தக் கோணியோடு அதுவும் போய்விட்டது. பழைய வரவுசெலவு நோட்டுகளும், யார் யார் என்ன தானம் செய்தார்கள் என்ற கணக்கும் அதோடு போயின. நன்னிமா எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. "பரவாயில்லை வாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் எங்களுக்கு இலேசாக இருந்திருக்கும்.

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சபையின் கணக்கு விதி சுவரில் இருக்கிறது. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய நம் கணக்கு பொட்டலம் மடிக்கப் போய்விட்டது.

ஆகவே ஒரு சிறிய காரியம் தொடங்க எண்ணியிருக்கிறோம். பெரிய கட்டடம் எதுவும் இல்லை. நம் வாசகசாலை அறையில் ஓர் இரும்பு அலமாரி, ஒரு நீள மேசை, ஒரு பதிவுப் புத்தகம். இதற்கு ஜகாத் பணத்திலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கப்படாது. விருப்பமுள்ளவர்கள் தனியாகத் தரும் நன்கொடையில் மட்டுமே நடக்கும். பெரியவரின் கேள்விக்கு இது எங்கள் இரண்டாவது பதில்.

அலமாரியின் ஒரு பக்கம் ஊர் வரலாறு. உங்கள் வீட்டில் பழைய நிலப்பத்திரம், கடிதம், பள்ளிச் சான்றிதழ், அரபுத் தமிழில் எழுதிய கிதாபு, படி, மரக்கால், எண்ணெய் விளக்கு எதுவாக இருந்தாலும் பழைய சாமான் வண்டியில் போடுமுன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பொருளை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. படம் எடுத்து, யாருடையது, எப்போது, எப்படி வந்தது என்று உங்கள் வாயால் கேட்டு எழுதிக்கொண்டு, பொருளை உங்கள் வீட்டிலேயே விட்டுவிடுவோம். பழைய காகிதத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். இரண்டுமே காகிதத்தைக் கெடுத்துவிடும். ஈரம் படாத இடத்தில், மடிப்பு விரித்து, சுத்தமான வெள்ளைத் தாளுக்குள் வையுங்கள். வீடு கட்டக் குழி தோண்டும்போது பழைய காசோ சிலையோ பானையோ கிடைத்தால் மறைக்காதீர்கள், விற்காதீர்கள். தாசில்தார் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். புதையலைப் பற்றிய சட்டம் 1878 முதல் இருக்கிறது, மறைப்பது குற்றம்.

மறுபக்கம் ஊர் இயற்கை. நம் வட்டாரத்து நெல் வகைகள், மர விதைகள், மண் வகைகள், தானாக உதிர்ந்த இலைகள். பிள்ளைகளுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. பறவை முட்டை, கூடு, குஞ்சு எதையும் தொடக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் தாய்ப்பறவையின் வேதனையை நினைக்க வேண்டும். குஞ்சுகளை எடுத்து வந்தவர்களிடம், அவற்றைத் தாயிடமே திருப்பி வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி நமக்கு வந்திருக்கிறது. பறவையை எடுத்து வர வேண்டாம். பார்த்து எழுதி வந்தால் போதும். இதற்காக ஏரிக்கரை நோட்டு ஒன்று வைப்போம். ஞாயிறு காலை இரண்டு பிள்ளைகள் ஒரு பெரியவரோடு கரைக்குப் போய், என்ன பறவை, எத்தனை, தண்ணீர் எந்த அளவு, எங்கே குப்பை கொட்டியிருக்கிறது என்று எழுதி வருவார்கள். பத்து வருடம் விடாமல் எழுதினால், இந்த ஏரியைப் பற்றி அதிகாரிகளிடம் பேசும்போது நம் கையில் சான்று இருக்கும். நமக்கென்று ஓர் ஏரி வாரியம் இல்லாமல் போகலாம். ஏரி நோட்டு இருக்கலாம் அல்லவா?

குடும்பத்தோடு போக விரும்புவோருக்கு ஒரு வார்த்தை. காஞ்சிபுரத்திலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. எழும்பூர் போவதென்றால் வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அன்று அங்கே விடுமுறை. வேடந்தாங்கலுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். அதிகாலையோ மாலையோ போங்கள். கூச்சல் போடாமல், பிளாஸ்டிக் எறியாமல் வாருங்கள். போய்வந்த அன்று இரவு பிள்ளையிடம் "என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். "சும்மா இரு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு சாலிம் அலி இருக்கலாம்.

கடைசியாக ஒன்று. அந்த நன்னிமாவை மறுபடி போய்ப் பார்த்தோம். பதிவேடு போய்விட்டது, ஆனால் அவர் நினைவு போகவில்லை. தாயின் பெயர், எந்தத் தெரு, யார் நிகாஹ் ஓதினார், மஹர் எவ்வளவு, பந்தல் போட்ட இடம் எது என்று தாய் தமக்குச் சொன்னதையெல்லாம் சொன்னார். எழுதிக்கொண்டோம். நம் அலமாரியின் பதிவுப் புத்தகத்தில் முதல் பக்கம் அவருடையது. "அது அவங்க ஊர்க் கதை" என்று சொன்ன பையன்தான் அதைத் தன் கையெழுத்தில் படியெடுத்தான்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணி, நம் பிள்ளைகளிடம் குறையாமல் ஒப்படைக்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. நம் ஏரிகளை நிறைத்து, நம் ஊர் மக்கள் அனைவரையும் ஒற்றுமையோடு வாழச் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.